மரக்காணம் உப்பளங்களும் கோடைமழை முன்னறிவிப்பும்

விழுப்புரம் மாவட்டக் கடலோர ஊரான மரக்காணத்தில் உப்புத் தொழில் வெயிலை நம்பியது. பாத்தியில் உப்பு விளையப் பல நாள்கள் ஆகும். ஒரு கனமழை அதைக் கரைத்துவிடும். மார்ச் முதல் மே வரை பெய்யும் இடிமழையை முன்கூட்டியே கணிப்பது கடினம். பகல் வெப்பத்தில் ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகம் விரைவில் உருவாகிறது. தனி மேகமொன்றின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரமே. ஆகவே இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முந்தைய நாள் அறிவிப்பு, "ஓரிரு இடங்களில்" மழை பெய்யலாம் என்றே கூறும். எந்த ஊரில் என்று கூறாது. டாப்ளர் ராடாரில் மேகம் தெரிந்த பிறகே அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கை வெளியாகும். அதற்குள் விளைந்த உப்பை வாரிக் குவித்து மூடிவிடலாம். பாத்தியில் விளைந்துகொண்டிருக்கும் உப்பைக் காக்க இயலாது.