வீடியோ திக்குகிறதா? கனெக்‌ஷனை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

இன்டர்நெட்டில் வீடியோ பார்க்கும்போது படம் நின்று நின்று ஓடுகிறதா? பேசுபவர் வாயைத் திறந்தபடி உறைந்து போகிறாரா? உடனே "நெட் ஸ்லோ" என்று சொல்லி, அதிக வேகமுள்ள கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டக் கிளம்பிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு நம் அறைக்குள்ளேயே இருக்கும். கொல்லிமலையில் எனக்குக் கிடைத்த அனுபவம் இது.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் ஊர் செம்மேடு. அங்கே மிளகு விவசாயிகளுக்காக நடக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் ஐந்து கம்ப்யூட்டர்கள், ஒரே இன்டர்நெட் கனெக்‌ஷன். வாடல் நோய் பற்றி நிபுணர் ஒருவர் சமவெளியிலிருந்து நேரலையில் வகுப்பு எடுத்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, மருந்து எவ்வளவு கலக்கணும்னு சொல்றப்பத்தான் அவரு வாயே அடைச்சுப் போச்சு." அளவு தவறினால் கொடி போய்விடும். அடுத்த வகுப்பு ஒரு வாரத்தில். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

எவ்வளவு வேகம் தேவை?

யூடியூப் தரும் கணக்குப்படி 480பி வீடியோவுக்கு 1.1 எம்.பி.பி.எஸ்., 720பி-க்கு 2.5, 1080பி-க்கு 5 போதும். அந்த அலுவலகத்தில் டவுன்லோட் 10, அப்லோட் 1 எம்.பி.பி.எஸ். காலை எட்டு மணிக்கு சோதித்தபோது 9-க்கு மேல் காட்டியது. வேலை நேரத்தில்தான் திக்கல். எனவே கனெக்‌ஷனைக் குறை சொல்லும் முன் உள்ளே தேடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் சோதனை: ரௌட்டர் வரை

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, கமாண்ட் ப்ராம்ப்ட் விண்டோவைத் திறக்கவும். ஆங்கிலத்தில் "ஐபிகான்ஃபிக்" என டைப் செய்து என்டர் தட்டினால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். இதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி. இனி "பிங்" என ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைக் கொடுத்து என்டர் தட்டவும். ஒரு சிறு தகவல் ரௌட்டருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் மில்லி செகண்டில் தெரியும். 1983-ல் மைக் மூஸ் எழுதிய புரோகிராம் இது. இன்றும் இதைவிட எளிய சோதனை கிடையாது.

கேபிளில் இணைந்திருந்த கம்ப்யூட்டரில் 1 மில்லி செகண்ட் வந்தது. புரொஜெக்டருடன் இருந்த லேப்டாப்பில் 3, 280, 12 என்று தாறுமாறாக வந்தது. நடுவில் சில தகவல்கள் திரும்பவே இல்லை. அந்த ஹால் இரண்டு கனத்த சுவர்களுக்கு அப்பால் இருந்தது. வை-ஃபை அலை அங்கே சரியாக எட்டவில்லை. ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து மாட்டினோம். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். பாதித் திக்கல் அதிலேயே போய்விட்டது.

இரண்டாவது சோதனை: வெளியே

அதே போல 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுக்கவும். இது கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வர். காலையில் 40 மில்லி செகண்ட் வந்தது. பதினோரு மணிக்கு 1,200! அப்படியானால் நம் கம்ப்யூட்டர்களில் ஏதோ ஒன்று லைனை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக நெட்வொர்க்கிலிருந்து கழற்றிப் பார்த்தேன். நான்காவதைக் கழற்றியதும் மீண்டும் 40 வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் என்ற தலைப்பின் மேல் க்ளிக் செய்தேன். அதிகம் இழுக்கும் புரோகிராம் மேலே வந்து நின்றது. தோட்டத்தில் எடுத்த 4 ஜி.பி. போட்டோக்களை பேக்கப் புரோகிராம் இன்டர்நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. 4 ஜி.பி. என்பது சுமார் 32,000 மெகாபிட். 1 எம்.பி.பி.எஸ். லைனில் ஏறி முடிய ஒன்பது மணி நேரம் ஆகும்!

ஏற்றினால் இறங்குவது ஏன் தடைபடுகிறது?

வகுப்புக்கு நம் குரலும் படமும் மேலே போயாக வேண்டும். வீடியோ இறங்கும்போதும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலை நம் கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மலைப் பாதையில் பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பைக்குகள் முந்த முடியாமல் ஊர்வது போல, இவையெல்லாம் போட்டோக்களுக்குப் பின்னால் ரௌட்டரில் வரிசையில் நிற்கின்றன. இதற்கு "பஃபர்ப்ளோட்" என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ல் இதைப் பலர் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

பதிவு செய்த வீடியோ என்றால், பிளேயர் முன்கூட்டியே சில விநாடிகளுக்கு இறக்கி வைத்துச் சமாளிக்கும். நேரலையில் அதற்கு இடம் மிகக் குறைவு. அதனால்தான் யூடியூப் ஓடிய அதே லைனில் வகுப்பு திக்கியது.

என்ன செய்யலாம்?

* பேக்கப் வேலையை இரவுக்கு மாற்றவும். அந்தப் புரோகிராமின் செட்டிங்ஸ் பகுதியில் அப்லோட் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்தவும்.
* விண்டோஸ் அப்டேட்டை வகுப்பு நாளில் நிறுத்தி வைக்கவும்.
* ரௌட்டரில் க்யூ.ஓ.எஸ். வசதி இருந்தால், வகுப்பு நடக்கும் கம்ப்யூட்டருக்கு முதலிடம் கொடுக்கவும்.
* நம் பக்கத்து கேமராவை அணைத்துவிட்டால் அப்லோட் மிச்சமாகும்.
* நேரலை அவசியம் இல்லை என்றால், பதிவை முதல் நாளே டவுன்லோட் செய்து வைக்கவும்.

அடுத்த வகுப்பு தடங்கல் இல்லாமல் ஓடியது. மருந்தின் அளவை நிபுணர் இரண்டு முறை சொன்னார். பெரியவர் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆன செலவு ஒரு கேபிள்தான். மாதக் கட்டணம் பழையபடியே.

இத்தனைக்கும் பிறகு, மற்ற கம்ப்யூட்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் கேபிளில் இணைத்தும் வேகம் குறைவாகவே வந்தால், அப்போது கனெக்‌ஷன் கொடுத்தவரிடம் புகார் செய்யுங்கள். பிங் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் அவர்களும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.