வில்லும் விசையும்

திரைப்படப் பாட்டு ஒன்றைக் கேட்கிறோம். பல வயலின்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. வாசித்தவர்கள் எத்தனை பேர்? முப்பது பேராக இருக்கலாம். ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். அது எப்படி?

கோவா கலைஞர்கள்

1950, 1960-களில் மும்பையில் இந்திப் படப் பாடல்களுக்குப் பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்தன. அவற்றில் கோவாக்காரர்கள் பலர். கோவாவில் தேவாலயப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு வயலின் கற்றுக் கொடுத்தார்கள். ஐந்து கோடுகளில் எழுதும் இசைக் குறிகளைப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். இதனால் தாளைப் பார்த்ததும் அவர்களால் சேர்ந்து வாசிக்க முடிந்தது. அந்தப் படிப்பே அவர்களுக்குச் சோறு போட்டது.

அவர்களில் ஒருவர் அந்தோனி கொன்சால்வ்ஸ். இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்றுக் கொடுத்தவர். 1977-இல் வந்த ‘அமர் அக்பர் அந்தோனி’ படத்தில் அவர் பெயரில் ஒரு பாட்டே உண்டு.

கணினிக்குள் வயலின்

பிறகு ஒலியைச் சேமிக்கும் கருவிகள் வந்தன. ஒரு கலைஞர் ஒவ்வொரு சுரமாக வாசிப்பார். மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை. ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்வார்கள். கணினி அதை எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளக்கிறது. பின்னர் கீபோர்டில் விசையை அழுத்தினால் அந்தச் சுரம் ஒலிக்கும்.

என்ன வேறுபாடு?

வயலின் வில்லில் குதிரைவால் முடி இருக்கும். கலைஞர் அதை அழுத்துவார், தளர்த்துவார். தந்தியில் விரலை வழுக்கி ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவார். நம் நாட்டு இசைக்கு இந்த வழுக்கல் மிக முக்கியம். இப்போது சில வழுக்கல்களையும் பதிந்து வைக்கிறார்கள். ஆனாலும் ராகத்துக்கு ஏற்ற குழைவு அதில் எளிதில் வருவதில்லை.

ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலித்தால் தையல் இயந்திரம் ஓடுவது போல இருக்கும். அதனால் ஒரே சுரத்தைப் பலமுறை பதிந்து, மாற்றி மாற்றி ஒலிக்க விடுகிறார்கள். இருபது பேர் வாசிக்கும்போது இந்தக் கவலை இல்லை. ஒவ்வொருவர் கையும் சற்று வேறுபடும். அதனால்தான் ஒலி நிறைவாக இருக்கிறது.

லாபமும் நட்டமும்

கணினியால் செலவு குறைந்தது. பணம் இல்லாத இளைஞரும் வீட்டில் இருந்தே இசை அமைக்கலாம். இது நல்லதுதான். ஆனால் குழுவில் வாசித்த பலர் வேலை இழந்தார்கள். இப்போது சிலர் கணினி ஒலியோடு ஓரிரு வயலின் கலைஞர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கணினிக்குள் இருப்பதும் யாரோ ஒருவர் பல ஆண்டுகள் பழகி வாசித்த வயலின்தான். வாசிப்பவர்களுக்குப் பிழைப்பு இல்லை என்றால் அடுத்த தலைமுறை அதைக் கற்க வருமா? கற்க யாரும் வராவிட்டால் பதிவு செய்யத்தான் என்ன இருக்கும்?