சைக்கிள் சின்னத்தில் 53 எம்.பி.க்கள்: சைக்கிளைக் கழற்றும் உரிமைக்குக் குரல் எங்கே?

புதுதில்லி: 2024 பொதுத்தேர்தலில் மக்களவையின் 543 இடங்களில் 53 இடங்களைச் சைக்கிள் சின்னம் வென்றது. சமாஜவாதி கட்சிக்கு 37, தெலுங்கு தேசத்துக்கு 16. முந்தையது எதிர்வரிசையிலும் பிந்தையது ஆளும் வரிசையிலும் அமர்ந்துள்ளன. தமிழகத்துக்கும் இச்சின்னம் புதிதல்ல; 1996-இல் மூப்பனாரின் த.மா.கா. இதே சின்னத்தில்தான் 20 இடங்களைப் பிடித்தது.

ஆயினும், வாக்குச்சீட்டிலும் மின்னணு இயந்திரத்திலும் இத்தனை செல்வாக்குப் பெற்ற அந்த வாகனம், "பழுது நீக்கும் உரிமை" குறித்து மத்திய அரசு நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய முயற்சியில் பெயரளவில்கூட இடம்பெறவில்லை.

சைக்கிள் அரசியலின் தாயகங்களில் ஒன்று பழைய சித்தூர் மாவட்டம். 1982-இல் தெலுங்கு தேசத்தைத் தொடங்கிய என்.டி.ராமராவ், மறு ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்டு வென்ற இரு தொகுதிகளில் ஒன்று திருப்பதி. சந்திரபாபு நாயுடு பிறந்த நாராவாரிபள்ளி, 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து உருவான திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1989 முதல் அவர் தொடர்ந்து வென்றுவரும் குப்பம், சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. இரண்டும் தனித் தொகுதிகளான சித்தூர், திருப்பதி மக்களவைத் தொகுதிகளில் முன்னதைத் தெலுங்கு தேசமும் பின்னதை ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் 2024-இல் கைப்பற்றின. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் சைக்கிள் என்பது சுவரெழுத்து மட்டுமன்று. பள்ளிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் வாகனமும் ஆகும்.

இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல்

நம் ஊர்களில் பல பத்தாண்டுகளாக ஓடிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிளின் தனிச்சிறப்பு, அதை எவரும் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டலாம் என்பதுதான். சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் போதும். செயினில் இணைப்புக் கண்ணி ஒன்று இருக்கும். அதன் கிளிப்பைக் குறடால் தள்ளினால் செயின் கையோடு வந்துவிடும்.

பெடல் தாங்கும் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின். அதன் நட்டை முழுவதும் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக வைத்து, கிராங்கின் அடியில் உறுதியான கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் நேராக ஓர் அடி அடித்தால் பின் இறங்கிவிடும். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகத்தை உள்ளிருக்கும் பால்ரஸ் குண்டுகள் தாங்க நேரிடும். நட்டை முழுவதும் எடுத்துவிட்டு அடித்தால் பின்னின் மரை நசுங்கும்.

பலர் தடுமாறும் இடம் பெடல். வலப்புறப் பெடல் வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும். இடப்புறப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் வலஞ்சுழியாகச் சுற்றினால்தான் கழலும். மிதிக்கும்போது பெடல் தானாகக் கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதை அறியாமல் பலங்கொண்டு திருகுவோர் பெடலை மேலும் இறுக்கிவிடுகின்றனர்.

இந்த நுட்பங்களுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கடைத்தெருவில் ஒருவர் செய்வதைப் பார்த்தே இன்னொருவர் கற்றார். சைக்கிள் ஏழையின் வாகனமாக நீடித்ததற்கு அதன் விலை மட்டுமன்றி, இந்த எளிமையும் காரணம்.

மாறிவிட்ட வண்டி

கியர் வைத்த புதிய வண்டிகளில் நிலைமை வேறு. காட்டர் பின்னுக்குப் பதிலாகச் சதுர முனை அச்சில் அலுமினியக் கிராங்க் இறுக்கிப் பொருத்தப்படுகிறது. அதை எடுக்க "கிராங்க் புல்லர்" எனும் தனிக்கருவி வேண்டும். பழைய பழக்கத்தில் சுத்தியலை எடுத்தால் கிராங்கும் கெடும், அச்சின் பேரிங்கும் கெடும். பின்சக்கரப் பற்சக்கரங்களைக் கழற்ற, அவற்றின் பள்ளங்களில் சரியாகப் பொருந்தும் கருவி வேண்டும். தயாரிப்புக்குத் தயாரிப்பு அப்பள்ளங்களின் எண்ணிக்கையும் வடிவும் மாறுகின்றன. கியர் செயினில் இணைப்புக் கண்ணி இல்லாவிட்டால் அதைப் பிரிக்கவும் தனிக்கருவி தேவை.

இவற்றுள் எதுவும் தவறான தொழில்நுட்பம் அல்ல. வண்டியின் எடை குறைகிறது, ஓட்டமும் இலகுவாகிறது. ஆனால் உரிய கருவி நகரத்துக் கடையில் மட்டுமே கிடைக்குமானால், குப்பத்துக் கிராமத்தில் நிற்கும் வண்டி சிறு பழுதுக்கே முடங்கிப்போகும்.

தில்லியின் நான்கு துறைகள்

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது நீக்கும் உரிமைக்கான செயல்திட்டம் வகுக்க 2022 ஜூலையில் குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி மற்றும் டேப்லட், நீடித்து உழைக்கும் வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகள் முதலில் அடையாளம் காணப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய நுகர்வோர் நாளன்று இதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. பொருள்களுக்குப் பழுது நீக்க எளிமைக் குறியீடு வழங்குவது பற்றி ஆராய 2024-இல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்களையே மையமாகக் கொண்டு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது.

மின் சைக்கிளின் நிலைமை இன்னும் விசித்திரமானது. 250 வாட்டுக்கும் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் கொண்டவை மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. பதிவும் உரிமமும் வேண்டாம் என்பது சலுகை. அதே காரணத்தால், மோட்டார் வாகனங்களுக்காக வகுக்கப்படும் பழுது நீக்கும் உரிமை அவற்றுக்குக் கிட்டுமா என்பது கேள்விக்குறி. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய பழுது நீக்கும் உரிமைச் சட்ட நெறியில், மின் சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரி பொருத்திய பொருள்கள் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

அரசே பெரிய வாடிக்கையாளர்

இதை நுகர்வோர் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தமிழகத்தில் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னர் பிளஸ் 1 மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. பிகாரில் 2006-இல் நிதீஷ்குமார் ஆட்சியும், ஆந்திரத்தில் தெலுங்கு தேசத்தின் 2014-19 ஆட்சியும் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வழங்கின. இத்தகைய திட்டங்களால் நாட்டின் மிகப் பெரிய சைக்கிள் வாடிக்கையாளர்களாக மாநில அரசுகளே ஆகிவிட்டன.

வாங்குபவர் அரசு என்றால் நிபந்தனை விதிக்கும் வலிமையும் அரசிடமே உள்ளது. எந்தப் பாகத்தை எந்தக் கருவியால், எத்திசையில் கழற்றுவது என்பதைப் படத்துடன் விளக்கும் தாய்மொழிக் கையேடு ஒன்று. பள்ளிக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் அவ்வண்டிக்குரிய கருவிகள். எளிதில் கிடைக்கும் பொது அளவுப் பாகங்கள். இம்மூன்றையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்த்தால் பெருஞ்செலவு ஆகாது. வண்டி நின்றுபோனால் நிற்பது அந்த மாணவியின் பள்ளிப் பயணம்.

சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்து, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைப்படுத்தியது வரவேற்கத்தக்கது. ஆனால் பாகம் மலிவாகக் கிடைத்தும் அதைக் கழற்றி மாட்ட வழியில்லையெனில் வரிக் குறைப்பின் பயன் பாதிதான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ பாதி சைக்கிள் வைத்துள்ளன. பழுது நீக்கும் உரிமைப் பட்டியலில் சைக்கிளையும் மின் சைக்கிளையும் பெயர் சொல்லிச் சேர்க்கக் கோருவதற்குப் புதிய கூட்டணியோ போராட்டமோ தேவையில்லை. கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கும் தார்மிகக் கடமை, அந்தச் சின்னத்தைக் காட்டி வாக்குப் பெற்ற இரு வரிசையினருக்கும் சமமாகவே உண்டு.