மினா ஷானசி

மினா ஷானசி (1924 - 1978) அமெரிக்கக் கல்வியாளர். நியூயார்க் சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றியவர். பிழை மலிந்த ஆங்கிலம் எழுதிய மாணவர்களைக் கல்லூரிக் கல்விக்குத் தகுதியற்றோர் எனப் பலர் கருதிய காலத்தில், அப்பிழைகளுக்குள்ளும் ஒழுங்கு உண்டு என்று நிறுவியவர் இவர்.

== வாழ்க்கை ==

தெற்கு டகோட்டா மாநிலத்தின் லீட் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். நார்த்வெஸ்டர்ன், கொலம்பியா ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்றார். 1967இல் சிட்டி கல்லூரியின் 'சீக்' திட்டத்தில் சேர்ந்தார். வறிய கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்களுக்கான இத்திட்டத்தில் கவிஞர் ஏட்ரியன் ரிச்சும் அக்காலத்தில் கற்பித்தார்.

== திறந்த சேர்க்கை ==

1969ஆம் ஆண்டின் மாணவர் போராட்டத்தைத் தொடர்ந்து, 1970 முதல் நகரின் உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவரும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றாயிற்று. புதியவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளை முதன்முதலில் படித்தபோது தாமே திகைத்துப்போனதாக ஷானசி பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்தார். அதன் பயனே 1977இல் வெளிவந்த 'எரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (பிழைகளும் எதிர்பார்ப்புகளும்) என்னும் நூல்.

== பிழையின் ஒழுங்கு ==

ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்து பெயர்ச்சொல்லின் ஈற்றில் பன்மையையும், நிகழ்கால வினையின் ஈற்றில் ஒருமையையும் காட்டும். பன்மை எழுவாய்க்குரிய வினையில் ஒரு மாணவர் 'எஸ்' சேர்த்தால், கற்ற விதியை அவர் வேறிடத்திலும் பொருத்திப் பார்க்கிறார் என்று பொருள். இதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழித்தால் மாணவர் எதையும் கற்கமாட்டார். அடுத்த முறை பிழைக்கு அஞ்சிக் குறைவாக எழுதுவார். பிழையின் காரணத்தை ஆசிரியர் முதலில் கண்டறிய வேண்டும் என்பது ஷானசியின் வாதம்.

1976இல் வெளியான 'டைவிங் இன்' என்ற கட்டுரையில் அவர் இதனை மேலும் கூர்மையாக்கினார். வளர்ச்சிப் படிநிலைகளை மாணவர்க்கே வகுப்பது வழக்கம். அவரோ ஆசிரியர்க்கு நான்கு நிலைகளை வகுத்தார். கோட்டையைக் காப்பது போலக் கல்லூரியைக் காக்க முனைவது முதல் நிலை. தம் மாணவரிடமே மாணவராவது இறுதி நிலை. சற்றே கசப்பான நகைச்சுவை இழையோடும் கட்டுரை இது.

இப்பாடத்தை அவர் 'அடிப்படை எழுத்து' என்றே அழைத்தார். 'குறை தீர்க்கும் பாடம்' என்ற வழக்கில் மாணவரை நோயாளியாகக் காணும் பார்வை இருந்தது. 1975இல் 'ஜர்னல் ஆஃப் பேசிக் ரைட்டிங்' என்ற ஆய்விதழையும் தொடங்கினார்.

== பிற்காலம் ==

நகரின் நிதி நெருக்கடியால் 1976இல் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். நூல் வெளிவந்த மறு ஆண்டே ஷானசி புற்றுநோயால் காலமானார்.

அவர் மொழியை வடிவமாக மட்டும் கண்டார் என்றும், கல்லூரி மொழியைக் கற்கும்போது மாணவருக்குள் எழும் பண்பாட்டு மோதலைக் கருதவில்லை என்றும் மின்-ஜான் லூ 1991இல் விமர்சித்தார். இவ்விமர்சனம் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் ஷானசி பெயரில் ஒரு நூற்பரிசு நிறுவியது. நான்காண்டுப் பட்டக் கல்லூரிகளில் இத்தகைய பாடங்களைக் கைவிட, அதே நகரப் பல்கலைக்கழகம் 1990களின் இறுதியில் முடிவு செய்தது.