ஆஸ்பத்திரி விற்ற பணம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யூதப் பெண்கள் வீடு வீடாக ஆதரவு திரட்டி எழுப்பியது மாண்டிஃபியோரி மருத்துவமனை. ஆண்டு 1908. அந்தக் காலத்தில் மற்ற இடங்களில் யூத டாக்டர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. யூத நோயாளிக்கு சமய விதிப்படி சமைத்த கோஷர் சாப்பாடும் கிடைக்கவில்லை.

1990-இல் மருத்துவமனை கைமாறியது. வந்த தொகை சுமார் ஏழரைக் கோடி டாலர். அதைப் போட்டு யூத சுகாதார அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். முதலீட்டு வருமானத்தில் யூத சமூகத்தின் முதியோர் பராமரிப்புக்கு ஒரு பங்கு உண்டு. மற்றபடி, உதவி பெற யூதராக இருக்க வேண்டியதில்லை. அதுதான் விசேஷம்!

இந்த அறக்கட்டளை முன்னின்று தொடங்கிய கூட்டு முயற்சியில் வட்டார மருத்துவமனைகள் கைகோத்தன. அவற்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ரத்தக் குழாயில் செருகும் டியூப் வழியாகப் பரவும் தொற்று, 2001-க்கும் 2005-க்கும் இடையே 68 சதவீதம் குறைந்தது.