கார் டயரும் சரக்கு வண்டி டயரும் ஒன்றா?

1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் இன்று வரை வண்டியின் பாரத்தைப் பெரிதும் தாங்கி நிற்பது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் தலைப்பிலுள்ள வினாவிற்கு விடை காண்பது எளிது.

கோவளத்து மீனையும் தண்ணீர்க் கேன்களையும் சுமந்துகொண்டு திருப்போரூர் வழியே ஓடும் ‘குட்டி யானை’களை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2005இல் அறிமுகமான டாட்டா ஏஸ் வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் அது. அதன் சக்கரம் 12 அங்குலம். 1983இல் வந்த மாருதி 800 காரின் சக்கரமும் 12 அங்குலமே. “அளவு ஒன்றுதானே, கார் டயரை மாட்டினால் என்ன?” என்று பலர் கேட்க நான் கேட்டிருக்கிறேன்.

டயரின் பக்கச் சுவரைப் படித்தால் விடை கிடைக்கும். கார் டயரில் ‘145/70 ஆர் 12 69 எஸ்’ என்றிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் விழுக்காடு. 69 என்பது சுமைக் குறியீடு. அதன் பொருள் 325 கிலோ. சரக்கு வண்டி டயரிலோ ‘145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். 86/84’ என்றிருக்கும். 86 என்றால் 530 கிலோ. இரட்டைச் சக்கரமாக மாட்டினால் 84, அதாவது 500 கிலோ. ‘8 பிளை’ என்பது இன்று எட்டு அடுக்கைக் குறிப்பதன்று. வலிமையின் அளவையே குறிக்கும். அவ்வலிமையால் அது சதுர அங்குலத்திற்கு 60 பவுண்டுக்கும் மேற்பட்ட காற்றைத் தாங்குகிறது. கார் டயருக்கு ஏறத்தாழ 30 பவுண்டே வழக்கம்.

இனிக் கணக்கிடுவோம். பின்பக்கத்து இரு சரக்கு டயர்கள் 1,060 கிலோ தாங்கும். இரு கார் டயர்கள் 650 கிலோவே தாங்கும். இவ்வண்டி ஏற்றும் சரக்கோ சுமார் 750 கிலோ. அதில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. வண்டியின் சொந்த எடை வேறு. சுமை மிகுந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளையும்; சூடேறும்; அடுக்குகள் பிரியும்; இறுதியில் வெடிக்கும். கிருத்திகை நாளில் கந்தசாமி கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தருகே இது நேர்ந்தால் விளைவு என்னாகும்?

மாற்றி மாட்டினால்? சரக்கு டயர் காரின் பாரத்தைத் தாங்கும் என்பது உண்மையே. எனினும் அதன் விறைப்பால் பயணம் குலுங்கும்; காற்றைக் குறைத்தால் சாலையில் சரிவரப் பதியாது. விட்டமும் சற்றுப் பெரிதாதலால் வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரே அச்சில் இருவகையையும் கலப்பது ஒருபோதும் கூடாது.

அமெரிக்க விதியோ, கார் டயரை இலகு டிரக்கில் மாட்டினால் அதன் சுமைத்திறனை 1.1ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் கார் டயருக்கு ஐ.எஸ். 15633, வணிக வண்டி டயருக்கு ஐ.எஸ். 15636 எனத் தரநிர்ணயங்கள் தனித்தனியே உள்ளன.

ஆகவே, சக்கரத்தில் பொருந்துவது வேறு. சுமையைத் தாங்குவது வேறு. டயர் வாங்குமுன் வண்டிக் கையேட்டிலுள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு நம் ஊர் ஓட்டுநர்களுக்கு எடுத்துரைப்பது கற்ற நம் கடமையாகும்.