மினிபஸ் கவிழ்ந்தால் யார் வீட்டில் சாவு?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டில் இருக்கிறது வன்னியம்பட்டி. மதுரை, தென்காசி, செங்கோட்டை பஸ்கள் நாள் முழுக்க அதைக் கடந்து போகின்றன. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு மினிபஸ்தான் கதி. 1997-ல் தமிழக அரசு மினிபஸ் திட்டத்தைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான்.

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. அப்படி உள்ளே தள்ளியிருக்கும் மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போன மினிபஸ் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். அதில் மூவர் மாணவர்கள். 2025 நவம்பர் 24 அன்று கடையநல்லூர் அருகே, மதுரையிலிருந்து செங்கோட்டை போன தனியார் பஸ் இன்னொரு பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதியது. அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விதி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்த நேரத்தில், அந்த வழியில், வேறு வாகனம் இல்லாதவர்கள் யாரோ அவர்கள்தான் பஸ்ஸில் இருப்பார்கள். பைக் வைத்திருப்பவர் மினிபஸ்ஸுக்குக் காத்து நிற்பதில்லை.

அதற்காகப் பைக்கே மேல் என்று எண்ண வேண்டாம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பஸ் பாதுகாப்பான வாகனம்தான், படிக்கட்டில் தொங்காதவரை.

விபத்துக்குப் பிறகு குடும்பங்கள் குழம்புவது பண விஷயத்தில். முதலமைச்சர் அறிவிக்கும் நிவாரணம் வேறு, நீதிமன்றம் தரும் இழப்பீடு வேறு. மம்சாபுரம் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 3 லட்ச ரூபாய். அதை வாங்கிக்கொண்டதால் வழக்குப் போடும் உரிமை போய்விடாது. விபத்து நடந்த இடத்திலோ, தாங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மம்சாபுரம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றமே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்வதால் தள்ளிப்போடாதீர்கள்.

சம்பாதிக்காத மாணவருக்கு என்ன கிடைக்கும்? தீர்ப்பாயம் ஒரு மாத வருமானத்தை உத்தேசமாக எடுத்துக்கொள்ளும். பேச்சுக்கு 12,000 என்று வைப்போம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. திருமணமாகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழிப்பார்கள், மிச்சம் 8,400. வயது 15-லிருந்து 25-க்குள் இருந்தால் வருடத் தொகையை 18-ஆல் பெருக்குவார்கள். 18 லட்சம் தாண்டுகிறது. 3 லட்சத்தோடு ஒதுங்குவது எத்தனை பெரிய இழப்பு என்று பாருங்கள்.

கூட்டம் அதிகமாக ஏற்றிய பஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. 42 பேருக்கு அனுமதி பெற்ற பஸ்ஸில் 90 பேரை ஏற்றிய வழக்கில், 2007-ல் உச்ச நீதிமன்றம், இன்சூரன்ஸ் கம்பெனி 42 பேருக்கான தொகையை, அதுவும் இருப்பதிலேயே பெரிய 42 தொகைகளைக் கட்டினால் போதும் என்றது. அந்தப் பணத்தை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்து, மிச்சத்தை முதலாளியிடம்தான் வசூலிக்க வேண்டும். ஒற்றை மினிபஸ் முதலாளியிடம் எவ்வளவு தேறும்? அரசு பஸ்ஸில் வேறு கதை: இன்சூரன்ஸ் எடுக்காமல் தன் நிதியிலிருந்தே தர சட்டம் போக்குவரத்துக் கழகத்துக்கு இடம் கொடுக்கிறது. தாமதமானால் கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதைப் பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம்.

பல மினிபஸ்களில் டிக்கெட்டே கொடுப்பதில்லை. அதனால் பஸ்ஸில் இருந்ததற்குச் சாட்சி, அரசு ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேடும் எஃப்.ஐ.ஆரும்தான். சின்னக் காயம் என்று வீட்டுக்குப் போய்விடாமல் அன்றைக்கே பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. வெளிமாநிலத்தவருக்கும் அது பொருந்தும்.